வலையில் விழாத இறாலும் வணிகச் சட்ட வகுப்பும்

வலை இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை. இறால் யாருக்கு என்பது முடிவாகிவிட்டது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் இது பழகிப்போன ஏற்பாடு. படகைப் பழுது பார்க்கவோ, புது வலை எடுக்கவோ, வீட்டுக் கல்யாணத்துக்கோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்து வரும் இறாலை அதே வியாபாரியிடம்தான் போட வேண்டும். விலையை நிர்ணயிப்பவர் பணம் கொடுத்தவர். கடன் தீரும்வரை வேறு தராசில் அந்த இறால் ஏறாது.

இது என்ன வகை ஒப்பந்தம்? கடனா, விற்பனையா, இரண்டும் கலந்த ஒன்றா? வலை வெறுமையாக வந்த நாளில் நஷ்டம் யாருடையது?

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியச் சட்ட அறிஞர் பொம்போனியஸ் இதே கேள்வியை எழுப்பி விடையும் சொன்னார். மீனவன் வீசப்போகும் வலையில் விழுவதை முன்கூட்டியே விலைக்கு வாங்கினால், ஒரு மீன்கூட விழாவிட்டாலும் அந்த விற்பனை செல்லும். வாங்கப்பட்டது மீன் அல்ல, மீன் விழும் என்ற எதிர்பார்ப்பு என்றார் அவர். பேரரசர் ஜஸ்டீனியன் காலத்தில் தொகுக்கப்பட்ட சட்டத் தொகுப்பில் இந்தக் கருத்து இடம்பெற்றது. இந்தியாவின் 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 6ஆம் பிரிவும் இதற்கு அருகில் நிற்கிறது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற நிகழ்வைச் சார்ந்து கிடைக்கும் பொருளை விற்க ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது அது.

ஒப்பந்தச் சட்டத்தின் இந்த மூத்த எடுத்துக்காட்டு தினமும் உயிரோடு நடக்கும் இடம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்தின் சுண்ணாம்புக்குளத்திலும், பொன்னேரி வட்டத்தின் பழவேற்காட்டைச் சுற்றிய குப்பங்களிலும் அதைப் பார்க்கலாம். அதே மாவட்டத்தில்தான் பட்டரைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரியும் இருக்கிறது. 1891இல் தொடங்கி சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே வளர்ந்த சட்டக் கல்லூரி 2018இல் இரண்டாகப் பிரிந்தபோது ஒரு பாதி புதுப்பாக்கத்துக்கும் மறு பாதி இங்கும் வந்தது. ஒரே மாவட்டத்துக்குள் ஒப்பந்தமும் இருக்கிறது, அதைப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். இவை இரண்டும் சந்திக்கும் இடமாக வணிகச் சட்டப் பாடத்திட்டம் அமையவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஒப்பந்தச் சட்டம், சிறப்பு ஒப்பந்தங்கள், கம்பெனிச் சட்டம் ஆகியவை எல்லாச் சட்ட மாணவர்களுக்கும் கட்டாயம். சிறப்புப் பாடப் பிரிவுகளில் வணிகச் சட்டத்துக்கென்று தனிப் பிரிவு உண்டு. பன்னாட்டு வர்த்தகத்துக்கு ஒன்று, வேளாண்மைக்குக்கூட ஒன்று. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைச் சட்டப் படிப்பிலும் வணிகச் சட்டம் ஒரு தனித் துறை. சட்டகம் குறையில்லாமல் இருக்கிறது. அதற்குள் நிரப்பப்படுவது பெரும்பாலும் லண்டன் சரக்கு. புகைக்குண்டு மருந்து விளம்பரத்தை நம்பி ஏமாந்த திருமதி கார்லில் 1892இல் ஜெயித்த வழக்கு, தோல் காலணி வியாபாரி சாலமனின் 1896ஆம் ஆண்டு வழக்கு. இரண்டும் அவசியமான வழக்குகளே. ஆனால் முன்பணம் வாங்கிய மீனவரின் நிலையை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்லும் தகாத செல்வாக்கோடும், தொழிலுக்குத் தடை போடும் ஒப்பந்தம் செல்லாது என்கிற 27ஆம் பிரிவோடும், தமிழகத்தின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டி தடைச் சட்டத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி ஒரு மாணவருக்குக் கிடைத்தால், அந்தப் பிரிவுகள் தேர்வு முடிந்த பிறகும் அவர் மனதில் தங்கும்.

கம்பெனிச் சட்டத்தைச் சொல்லித் தரவும் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அரிது.

பொதுமக்களிடம் பங்கு விற்று மூலதனம் திரட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் பிறந்தது. அதன் பங்குகள் ஆம்ஸ்டர்டாமில் கைமாறிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1613இல், பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி சோழமண்டலக் கரையில் அந்தக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். 1690 வாக்கில்தான் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. இங்கிருந்து துணி போனது. வெடிமருந்து போனது. ஆயிரக்கணக்கில் அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் பங்கு வைத்திருந்த ஒரு கடைக்காரருக்கு அந்த அடிமைக் கப்பலில் என்ன பொறுப்பு? போட்ட பணத்துக்கு மேல் அவர் எதையும் இழக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாடு அன்றே உருவாகியிருந்தது. இன்று கம்பெனிச் சட்டத்தின் முதல் வாரத்தில் 'வரையறுக்கப்பட்ட பொறுப்பு' என்று மாணவர் எழுதிக்கொள்வது இதைத்தான். இயக்குநர்களின் நிர்வாகத்தை எதிர்த்துப் பங்குதாரர் ஐசக் லெ மேர் 1609இல் கொடுத்த மனு, பங்குதாரர் உரிமைப் போராட்டங்களில் மிகப் பழையது. கடைசியில் கடனில் மூழ்கிய கம்பெனியின் சாசனம் 1799 முடிவில் காலாவதியானது. பழவேற்காட்டில் மிஞ்சியிருப்பது செதுக்கு வேலைப்பாடுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறை பாதுகாக்கும் அந்த இடத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். கம்பெனிச் சட்ட வகுப்பும் வர வேண்டும்.

டச்சுக்காரரின் சாசனம் எழுத்தில் இருந்தது. ஏரியின் சொந்தச் சட்டம் எழுத்தில் இல்லை. அதன் பெயர் பாடு.

முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஏறி இறங்கும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, முறை வைத்துச் சுத்து வலை கட்டும் வழக்கம் இது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று குப்பங்களின் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தாருக்கு இதில் பரம்பரை உரிமை. குப்பத்தில் தலைக்கட்டாகச் சேர்ந்தவருக்கு முறை வரும். வளமான இடம் ஒரே ஆளிடம் தங்கிவிடாமல் கைமாறிக்கொண்டே இருக்கும். தவறினால் தண்டம் விதிப்பது குப்பத்துப் பஞ்சாயத்து. உள்ளே இருப்பவர்களுக்கு இவ்வளவு நேர்த்தியான பங்கீட்டை எந்தக் கூட்டாண்மைப் பத்திரமும் சுலபத்தில் செய்துவிடாது. ஆனால் உள்ளே யார் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கிறது. பெண்களுக்குத் தலைக்கட்டு இல்லை. சேற்றில் தடவிக் கையால் இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர்களுக்குப் பாட்டில் இடமில்லை. ஏரியை நம்பியிருக்கும் தலித் மீனவர்களுக்கும் இல்லை. ஏரியில் இறால் குறையக் குறைய, வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் உரசல் கூடியது. சட்ட வலிமை கொண்ட வழக்காற்றையும் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது அரசியல் சாசனத்தின் 13ஆம் பிரிவு. அப்படியானால் பாடு ஒரு சட்டமா? சட்டமென்றால் சமத்துவத்துக்கான 14, 15ஆம் பிரிவுகளுக்கு அது பதில் சொல்ல வேண்டுமா? பாட்டை மரபுப் பெருமையாகப் போற்றுவதும், சாதிக் கட்டுப்பாடு என்று ஒரே சொல்லில் தள்ளுவதும் எளிது. இரண்டு உண்மைகளையும் ஒரே மேசையில் வைத்து மாணவர்களை வாதாட வைப்பது கடினம். நல்ல ஆசிரியர் தேவைப்படுவது அங்கேதான்.

எழுதப்படாத உரிமைக்கு நீதிமன்றத்தில் என்ன கதி நேரும் என்பதற்கு, பழவேற்காட்டின் மூத்த சகோதரியான சிலிகா ஏரியிலிருந்து ஒரு வழக்கு இருக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகா முதலாவது பெரியது, பழவேற்காடு இரண்டாவது. பாரிக்குட் ஜமீன்தாரிடம் பணம் கட்டி, சிலிகாவின் சில பகுதிகளில் மீன் பிடிக்கும் உரிமையை வாய்மொழியாகப் பெற்றிருந்தார்கள் ஆனந்த பெஹராவும் மற்றவர்களும். ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் எஸ்டேட் அரசுக்குப் போனது. அந்த உரிமையை ஏற்க ஒடிசா அரசு மறுத்தது. 1955இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இதுதான்: ஏரிக்குள் போய் மீனைப் பிடித்துக்கொண்டு செல்லும் உரிமை நிலத்திலிருந்து வரும் பலன், ஆகவே அது அசையாச் சொத்து, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தை விற்க எழுதிப் பதிவு செய்த பத்திரம் வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. மீனவர்கள் தோற்றார்கள்.

சொத்துரிமை மாற்றுச் சட்ட வகுப்பில் அசையும் சொத்துக்கும் அசையாச் சொத்துக்கும் வித்தியாசம் காட்ட இந்த வழக்கு வருவதுண்டு. ஒரு வரியில் முடிந்துவிடும். பாட்டுரிமையை நம்பி வாழும் குப்பங்களுக்கு அது ஒரு வரி விஷயமல்ல. அரசோ ஒரு நிறுவனமோ எதிரே வந்து நின்றால் கையில் காட்ட என்ன இருக்கிறது என்ற கேள்வி அது.

பழவேற்காட்டின் பெயர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிந்த நாளும் உண்டு. 1996 டிசம்பர் 11. நாகைப் பகுதியில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடிய காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் புதிதாக இறால் பண்ணை கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31க்குள் மூடி இடிக்க வேண்டும். மாசுபடுத்தியவர் இழப்பீடு தர வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான தொகையோடு ஆறு ஆண்டுச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். சுற்றுச்சூழல் சட்டம், தொழிலாளர் சட்டம், ஏற்றுமதி வணிகம் என மூன்று பாடங்கள் ஒரே தீர்ப்புக்குள் அடங்கியிருக்கின்றன.

பிறகு நடந்ததும் அதே அளவுக்குப் பாடம்தான். 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பண்ணைகளை, தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடையிலிருந்து விடுவிக்கும் அதன் 27ஆம் பிரிவு, அந்த அறிவிக்கை வெளியான 1991 பிப்ரவரி 19 முதலே நடைமுறையில் இருந்ததாகக் கருதப்படும் என்று எழுதப்பட்டது. பதினான்கு ஆண்டு பின்னோக்கிப் போய்ச் சட்டத்தை மாற்றினார்கள். தீர்ப்பால் வென்றவர்களின் கையிலிருந்த வெற்றி எப்படிக் கரைந்தது என்பதை ஒரு மாணவர் பிரிவு பிரிவாகப் பிரித்துப் பார்த்தால், ஒரு தொழில் துறை நாடாளுமன்றத்தை எப்படி அணுகுகிறது என்பது புரியும். அந்த ஆணையத்தின் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது.

இவ்வளவும் ஒரு மாவட்டத்துக்குள் கிடக்கும்போது வகுப்பறை ஏன் அந்தப் பக்கம் திரும்புவதில்லை? ஆசிரியர்களைக் குறை சொல்லி முடித்துவிடுவது அநியாயம். சட்ட ஆசிரியர் என்ற வேலை எப்படிக் கட்டமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதுநிலைச் சட்டப் பட்டத்தில் 55 விழுக்காடு, பிறகு நெட் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம், பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருப்பு. அரசு சட்டக் கல்லூரிகளுக்கு 2018இல் 186 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அடுத்து 2025இல் 132. இடைப்பட்ட ஆண்டுகளை ஒருவர் கௌரவ விரிவுரையாளராகவோ தனியார் கல்லூரியிலோ கடத்த வேண்டும். உதவிப் பேராசிரியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு ஊதிய விகிதத்தில் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். கம்பெனிச் சட்டத்தில் கெட்டிக்காரரான ஒரு மாணவருக்குப் பெருநகரச் சட்ட நிறுவனம் முதல் ஆண்டிலேயே இதைவிடப் பெரிய தொகையைக் காட்டும். வணிகச் சட்டத்துக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பது மற்றப் பாடங்களைவிடக் கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நீதிமன்ற வாசலில் இருக்கிறது. முழுநேர ஆசிரியராகச் சேர்ந்தவர் வழக்கறிஞராக வாதாட முடியாது. வழக்கறிஞர் பாடம் எடுக்கலாம். 1979ஆம் ஆண்டு விதிகள் அதற்கு நாளுக்கு மூன்று மணி நேரம் வரை அனுமதிக்கின்றன. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் காலையில் நோயாளியைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருகிறார். சட்டப் பேராசிரியருக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. பொன்னேரி நீதிமன்றத்தில் ஒரு மீனவரின் கடன் வழக்கு எப்படி நடக்கிறது என்பது அவருக்குச் செய்தியாகவே வரும், அனுபவமாக வராது.

மிச்சமிருப்பது ஆராய்ச்சி. அங்கேயும் கணக்கு வேறு மாதிரி போகிறது. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில் ஆராய்ச்சி மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. கலை, சமூக அறிவியல் சார்ந்த துறைகளில் அங்கீகரித்த ஆய்விதழில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். மாநில அரசிடம் ஒரு கொள்கை ஆவணம் கொடுத்தால் 4. இணைப் பேராசிரியர் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்க 75 மதிப்பெண் வேண்டும், பேராசிரியருக்கு 120. பாட்டுரிமை குறித்து மீன்வளத் துறைக்கு உதவும் அறிக்கை ஒன்றை இரண்டு ஆண்டு குப்பம் குப்பமாக அலைந்து தயாரிக்கும் ஆசிரியருக்குக் கிடைப்பது, அமெரிக்காவின் டெலவேர் மாநிலக் கம்பெனிச் சட்டத்தைப் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து எழுதியவருக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. களப்பணியும் சமூகச் சேவையும் வேறொரு அட்டவணையில் இருக்கின்றன. ஈடுபட்டாரா இல்லையா என்ற பதிவோடு அவற்றின் மதிப்பு முடிந்துவிடுகிறது.

2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகள் சமூகப் பணியையும் இந்திய மொழிகளில் கற்பிப்பதையும் ஆசிரியரின் குறிப்பிடத்தக்க பங்களிப்புகளில் சேர்க்க முன்வந்தன. துணைவேந்தர் நியமனத்தில் மாநில உரிமை பறிபோகிறது என்று தமிழகச் சட்டமன்றம் அந்த வரைவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு நியாயமானது. அந்தச் சத்தத்தில் ஆசிரியர் மதிப்பீடு பற்றிய பகுதி விவாதத்துக்கே வராமல் போனது வருத்தத்துக்குரியது.

ஏனென்றால் சட்ட ஆசிரியரின் பேனா வெறும் மதிப்பெண்ணுக்காக இருக்க வேண்டியதில்லை. 1979இல், பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு தொடர்பான மதுரா வழக்கின் தீர்ப்பை எதிர்த்து உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் பாலியல் வன்கொடுமைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த மடல் எந்த அட்டவணையிலும் மதிப்பெண் பெறும் எழுத்து அல்ல.

வணிகத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று வேண்டுமென்றால், இறால் பண்ணைத் தீர்ப்புக்கு இரண்டே நாள் கழித்து, அதே இரு நீதிபதிகள் சொன்ன இன்னொரு தீர்ப்பைப் பார்க்கலாம். இமாசலத்தில் பியாஸ் ஆற்றின் போக்கைத் திருப்பிவிட்ட ஸ்பான் மோட்டல்ஸ் கம்பெனி சம்பந்தப்பட்ட கமல்நாத் வழக்கு அது. ஆறும் கடற்கரையும் ஏரியும் அரசின் சொத்தல்ல, மக்களுக்காக அரசு பொறுப்பேற்று வைத்திருக்கும் சொத்து என்ற பொது நம்பிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது அந்தத் தீர்ப்பு. அதற்கு நீதிமன்றம் பெரிதும் துணைகொண்டது மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் சாக்ஸ் 1970இல் எழுதிய ஒரே ஒரு கட்டுரையை. அமெரிக்க ஏரிக்கரைகளையும் பூங்காக்களையும் மனதில் வைத்து ஒரு சட்ட ஆசிரியர் எழுதியது, 26 ஆண்டு கழித்து இந்திய ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் கவசமானது. ஆய்விதழ் கட்டுரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த ஏரியைப் பார்த்து எழுதுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

பழவேற்காட்டுக்கு அந்தக் கவசம் இப்போதே தேவைப்படுகிறது. தெற்கே எண்ணூரில் மத்திய அரசு தொடங்கிய துறைமுகம், இந்தியாவில் கம்பெனியாகவே பதிவு செய்யப்பட்ட முதல் பெருந்துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை நடத்தும் மரைன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் டெவலப்பர் கம்பெனியின் 97 விழுக்காடு பங்குகள் 2018இல் எல் அண்டு டி குழுமத்திடமிருந்து அதானி குழுமத்துக்குப் போயின. துறைமுகம் விற்கப்படவில்லை, பங்குகள் விற்கப்பட்டன. இந்த நுணுக்கம் கரையில் நிற்பவருக்கு நேரடியான கேள்வியாக வருகிறது: பழைய முதலாளி காலத்தில் ஊருக்குச் சொன்ன வாக்குக்குப் புதிய பங்குதாரர் கட்டுப்பட்டவரா? கம்பெனி தனி நபர், பங்குதாரர் வேறு நபர் என்று சாலமன் வழக்கு சொல்லும் தத்துவத்தை இந்தக் கேள்வியில் வைத்துச் சோதித்தால் மாணவருக்கு அது ஆழமாக இறங்கும். துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தது. பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021 ஜனவரி 22இல் நடக்கவிருந்த பொதுக் கருத்துக்கேட்பு தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5இல் நடக்கவிருந்ததும் தள்ளிப்போனது. அப்படியொரு கூட்டத்துக்குத் தயாராகும் குப்பத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் சட்டக் கல்லூரியிலிருந்தே வர விதி இடம் தருகிறது. ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் இலவசச் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்பது பார் கவுன்சிலின் விதி. வணிகச் சட்டம் படிக்கும் மாணவர்களை அந்த மையத்தின் வழியாக ஏரிக்கு அனுப்பப் புதிய சட்டம் தேவையில்லை. அங்கே செய்ய வேண்டிய வேலை பெரிய அரசியல் சாசன வழக்கு அல்ல. சின்னச் சின்ன ஆவணங்கள். வியாபாரியும் மீனவரும் கையெழுத்திடும் ஒரு பக்க முன்பணச் சீட்டு: எவ்வளவு தொகை, என்ன வட்டி, இறால் விலையை எந்தச் சந்தை விலையோடு ஒப்பிட்டு நிர்ணயிப்பது, கடன் எப்போது முடியும். கூட்டுறவுச் சங்கமா, கம்பெனிச் சட்டம் அனுமதிக்கும் உற்பத்தியாளர் கம்பெனியா, எது தங்களுக்கு ஏற்றது என்று குப்பங்கள் தீர்மானிக்க உதவும் ஒப்பீடு. பாட்டுரிமை யாருக்கு எந்த வரிசையில் வருகிறது என்பதைக் குப்பத்தார் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல எழுதி, வெளியே நிறுத்தப்பட்டவர்களின் தரப்பையும் சேர்த்துப் பதிவு செய்யும் ஆவணம். ஒரு பருவத்துக்குள் ஒரு வகுப்பு முடிக்கக்கூடிய வேலை இது.

132 புதிய இடங்களுக்கு வருகிறவர்களில் சிலராவது வணிகச் சட்டம் எடுப்பார்கள். அவர்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு சுண்ணாம்புக்குளம் போனால், அந்த முன்பணச் சீட்டின் வரைவை உள்ளகத் தேர்வின் விடைத்தாளாக ஏற்கப் பல்கலைக்கழகமும், அதை மேற்பார்த்த ஆசிரியருக்குப் பதவி உயர்வில் உரிய மதிப்பெண் தர மானியக் குழுவும் இடம் தர வேண்டும். முதலாவதைச் செய்யச் சென்னையிலுள்ள பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு ஒரு கூட்டம் கூடினால் போதும்.